உப்புக்காற்றில் இறுகும் மரை: சேதுக்கரையில் பழைய கார்களின் பழுது வரலாறு

ராமேசுவரம் தீவுக்கு ரயில் வந்து 74 ஆண்டுகள் கழிந்த பிறகே சாலை வந்தது. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டிருந்தும், 1988 அக்டோபர் 2 அன்று அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, பெருநிலக் கரையிலுள்ள மண்டபத்துக்கு அப்பால் ஒரு கார் செல்ல வேண்டுமெனில் அதை ரயிலிலோ படகிலோ ஏற்றியாக வேண்டியிருந்தது. பாலம் திறந்த காலத்தில் மாருதி கார்கள் சந்தைக்கு வந்துவிட்டபோதிலும், யாத்திரிகர்களை ஏற்றிவந்த வாடகை வண்டிகளில் அம்பாசடரே மிகுதியாக இருந்தது. இக்கரையின் கார் பழுதுபார்ப்பு வரலாற்றை அந்த வண்டியைக் கொண்டே எழுதலாம்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை ஒட்டி, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரித்த அம்பாசடர், வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கிப் பழுது பார்த்துக்கொள்ளத்தக்க எளிய வண்டி என்று பெயர் பெற்றது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் வேண்டுவோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததால், பழையதைக் கழற்றி மாட்டி ஓட்டுவது வழக்கமாகவே வேரூன்றியது. ஆனால் மதுரையில் அரைநாளில் முடியும் வேலை, பாம்பனிலும் மண்டபத்திலும் அவ்வாறு முடிவதில்லை.

அதற்குக் காரணம் வண்டியன்று, காற்று. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் இரும்பின் மேல் படிகின்றன. கடலுப்பில் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதாலும், பின்னது காற்றில் ஈரப்பதம் குறைந்திருக்கும்போதும் நீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதாலும், மழையில்லா நாளிலும் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நின்றுவிடுகிறது. அதில் உண்டாகும் துரு, தான் அரித்த இரும்பைக் காட்டிலும் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே மரை எனப்படும் திருகுவரிகளில் உள்ள இடைவெளி முழுதும் நிரம்பி, இரண்டும் ஒரே இரும்பாகிவிடுகின்றன.

கமான் பட்டை எனப்படும் பின்பக்க வில்லின் புஷ்ஷை, அதாவது வில்லின் காதுக்குள் அமரும் ரப்பர் வளையத்தை, மாற்றும் வேலை இதற்கு ஏற்ற சான்றாகும். விலை அற்பமான அந்த வளையத்தை எடுக்க நட்டைக் கழற்றினால் போதும் என்பதே கணக்கு. ஆனால் அம்பாசடரின் நட்டுகள் அங்குல அளவின. பத்மினி போன்ற வண்டிகளுக்கென வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனரே கையில் இருந்தால், அரை அங்குலமாகிய 12.7 மில்லிமீட்டர் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் சற்றே தளர்ந்து அமர்ந்து, துருவில் இறுகிய நட்டின் முனைகளை மழுக்கிவிடுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டும் அசையாத நட்டை கேஸ் வெல்டிங் தீயால் காய்ச்சினால் ரப்பர் எரிகிறது. நீண்ட பைப்பை ஸ்பேனரில் மாட்டி நெம்பினால் போல்ட் முறிகிறது. முறிந்த தண்டைத் துளையிட்டு எடுத்து, புதிதாக மரை வெட்ட லேத் பட்டறையை நாட வேண்டியிருக்கிறது. இதற்கும் மேல், அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்கும் அமைப்பு என்பதால், வில் மாட்டியிருக்கும் அடித்தகடு உள்ளிருந்து உளுத்திருப்பது அப்போதுதான் தெரியவர, புஷ் மாற்றும் வேலை டிங்கரிங் எனப்படும் தகடு வெட்டிப் பற்றவைக்கும் வேலையாக வளர்ந்துவிடுகிறது.

இந்த நிலையின் கடுமையான வடிவம் தனுஷ்கோடியில் காணப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அவ்வூரும் அதன் ரயில் பாதையும் அழிந்த பிறகு, 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய ஜீப்புகளும் வேன்களும் ஈரமணலிலும் சில இடங்களில் கடல்நீரிலுமே ஓடின. மற்ற வண்டிகளின் மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த உப்பு, இவற்றின் பிரேக் டிரம்முக்குள்ளும் அச்சிலும் நேரடியாகப் புகுந்தது.

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பை அளவிட மண்டபத்தில் நிலையம் அமைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து ஆராய்ந்தது இக்கரையின் அரிப்பு மிகக் கடுமையானது என்பதால்தான். பட்டறைகள் அனுபவத்தால் கண்ட மாற்று எளியது: அடித்தகட்டைக் காலந்தோறும் நன்னீரால் கழுவி, உலர்த்தி, கிரீஸோ ஆயிலோ பூசுவதும், கழற்றிய எந்த நட்டையும் கிரீஸ் தடவாமல் திரும்பப் பூட்டாதிருப்பதும்.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலம், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளோடும், முழுதும் பற்றவைத்த இணைப்புகளோடும், பாலிசிலாக்சேன் பூச்சோடும் கட்டப்பட்டது, நூறாண்டுக்கும் மேலான அரிப்பின் பாடத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டதன் விளைவு. சமவெளிக்கென வடிவமைக்கப்பட்ட காருக்கு அந்த முன்னேற்பாடு இல்லை. எனவே இக்கரையில் பழைய கார் வைத்திருப்போர் ஸ்பேனரை எடுக்கும் முன் அடித்தகட்டைத் தட்டிப் பார்ப்பதே முறையாகும்.