உரித்த சட்டையில் இருக்கும் பெண்

சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்களுக்குப் போகும் ரயில்பாதை அரக்கோணம் வழியாகத்தான் செல்கிறது. அந்த அரக்கோணத்தில் கிடைத்த பெரிய மரச்சிலந்தி ஒன்றை, 1899இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆர். ஐ. போகாக் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ‘போசிலோதீரியா ரீகாலிஸ்’ என்று பெயரிட்டார். டரான்டுலா குடும்பத்தைச் சேர்ந்த இந்த இனத்தை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். 2019 முதல் இதன் பன்னாட்டு வணிகம் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, ஆணா பெண்ணா என்பதைத்தான். பெண் பல ஆண்டுகள் வாழும். ஆணோ பருவமடைந்த பிறகு அதிக காலம் இருப்பதில்லை. அதனால் பெண்ணுக்கு விலை கூடுதல். கருவில் இருப்பது பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்த நாட்டில் இது தலைகீழாகத் தெரியலாம். ஆனால் இது மரியாதை அல்ல. முட்டையிடும் உடலுக்குச் சந்தை வைத்த விலை.

வளரும் சிலந்தியை வெளியிலிருந்து பார்த்து ஆண், பெண் என்று உறுதியாகச் சொல்வது கடினம். அது உரித்துப் போடும் சட்டை சொல்லும். பாம்புச் சட்டையைப் போல இது வெளித்தோல் மட்டுமல்ல. பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேர்த்து வைக்கும் சிறு பையின் உட்படலமும் அதோடு கழன்று வருகிறது. பருவமடைந்த பெண் இணை சேர்ந்தபின் சட்டை உரித்தால், சேமித்த விந்தும் போய்விடும். அவள் மறுபடி இணை சேர வேண்டும்.

காய்ந்து சுருண்ட சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைக் கிழியாமல் மெல்லப் பிரிக்க வேண்டும். உட்புறத்தில் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை மூச்சுவிடும் உறுப்புகளின் படலங்கள். தலைப் பக்கம் உள்ள இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும். அங்கே இரு மொட்டுகள் போலவோ, ஒரே தட்டையான மடல் போலவோ அந்தப் பை நின்றால் அது பெண். ஆணுக்கு அந்தப் பை கிடையாது.

ஆகவே இங்கே பெண் என்பதற்குச் சான்று ‘இருக்கிறது’. ஆண் என்பதற்குச் சான்று ‘இல்லை’. தவறும் இங்கேதான் நுழைகிறது. சட்டை கிழிந்திருந்தாலோ, சிலந்தி மிகச் சிறியதாக இருந்தாலோ பை கண்ணுக்குப் படாது. அவசரக்காரர் ‘ஆண்’ என்று எழுதிவிடுவார். அனுபவசாலி அடுத்த சட்டைக்குக் காத்திருப்பார்.

காணவில்லை என்பதை இல்லை என்று எழுதும் அவசரம் சிலந்தி ஆய்வின் வரலாற்றிலேயே உண்டு. மரியா சிபில்லா மெரியன் 1699இல் தன் மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். 1705இல் வெளியிட்ட நூலில், பெரிய சிலந்தி ஒன்று தேன்சிட்டு போன்ற சிறு பறவையைத் தின்பதை வரைந்திருந்தார். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 1863இல் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசானில் சிலந்தியிடம் பறவைகள் சிக்கியதைத் தானே பார்த்ததாக எழுதினார். அதற்குள் ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது.

ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இடைத்தரகர் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்காது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துத் தோல் தொழிலின் வரலாற்றை எழுதினால், இந்தப் பெண்கள் அதில் வரவே மாட்டார்கள். ஆனால் அந்தத் தையல் ஷூவில் இருக்கிறது.

பதிவேட்டில் பெயர் இல்லை என்றால், பதிவேடு எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு திண்ணைக்குப் போய்க் கேட்க வேண்டும்.