காலில் பிறந்த தாடை

அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் இல்லை. ஆனாலும் லேசுப்பட்டதும் இல்லை. பெரும்பாலும் கீழ்த்தாடையில், வலியே காட்டாமல் வருடக்கணக்கில் வளர்ந்து எலும்பை அரிக்கும் கட்டி அது. சுரண்டி எடுத்தால் மறுபடி முளைக்கும் என்பதால், சுற்றியுள்ள நல்ல எலும்பையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் சேர்த்தே அறுத்தெடுக்கிறார்கள். அதோடு பற்களும் போய்விடும்.

அந்த இடத்தை இடுப்பெலும்பு, விலா எலும்புத் துண்டுகளால் நிரப்புவது பழைய வழி. இடைவெளி பெரிதென்றால், ரத்த ஓட்டமில்லாத துண்டு கரையும் அல்லது சீழ் பிடிக்கும். வெறும் உலோகத் தகடு நாளடைவில் தளரும், உடையும்.

இதற்கு வழி திறந்த இருவரும் ஆரம்பத்தில் தாடையைப் பற்றி யோசித்தவர்களே அல்லர். சுவீடனின் ஆய்வாளர் பிரோனமார்க், 1952-இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழலைப் பொருத்தி, மஜ்ஜையின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப்போனால் குழல் வரவில்லை. எலும்பு இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் அதே உலோகம் ஒருவரின் தாடையில் பல்லுக்கு வேராக இறங்கியது.

மெல்போர்னின் இயன் டெய்லர் அடிபட்ட கால்களைச் சரிசெய்துவந்த அறுவை மருத்துவர். மறுகாலின் ஃபிபுலாவை, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பை, அதன் ரத்தக்குழாய்களோடு எடுத்து நுண்நோக்கியின் கீழ் இணைத்ததை 1975-இல் வெளியிட்டார். உடல் எடையைப் பெரும்பாலும் பக்கத்திலுள்ள தடித்த எலும்பான டிபியா தாங்குவதால், முழங்காலருகிலும் கணுக்காலருகிலும் கொஞ்சம் விட்டுவைத்தால் ஃபிபுலா இல்லாமலும் நடக்கலாம்.

அதைத் தாடைக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் டேவிட் ஹிடால்கோ. 1989-இல் வெளிவந்த அவரது கட்டுரை 12 பேரின் அனுபவம். நேரான எலும்பில் ஆப்பு வடிவச் சில்லுகளை வெட்டியெடுத்து, ரத்தம் கொண்டுவரும் மேலுறை அறுபடாமல் தாடையின் வளைவுக்கு மடித்தார். பிறகு எலும்போடு வந்த, இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களை, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்து ரத்தக்குழாய்களோடு தைக்க வேண்டும். புது எலும்புக்கு ரத்தம் வர ஆரம்பிக்கும்.

ஃபிபுலாவின் கெட்டியான ஓடு, பல்லுக்கு வேராகும் டைட்டானிய இம்பிளான்டை நன்றாகப் பிடிக்கும். சாதாரணமாகச் சில மாதங்கள் விட்டுத்தான் பல் வைப்பார்கள். ஆனால் புற்றுநோய் அல்லாத இந்தக் கட்டிக்குக் கதிர்வீச்சு கிடையாது. நிதானமாகத் திட்டமிட அவகாசமும் உண்டு. ஸ்கேனைக் கணினியில் ஏற்றி, வெட்டவேண்டிய கோணங்களை முன்பே குறித்துக்கொண்டு, எலும்பு, இம்பிளான்ட், பல் மூன்றையும் ஒரே அறுவையில் முடித்ததை நியூயார்க் குழு ஒன்று 2013-இல் எழுதியது.

இன்னும் பலருக்குத் தீராதது கீழுதட்டின் மரமரப்பு. தாடைக்குள் ஓடும் உணர்வு நரம்பும் கட்டியோடு போய்விடுகிறது. அதை ஒட்டுவதற்குச் சில மருத்துவர்கள் எடுப்பதும் கெண்டைக்கால் நரம்பைத்தான்.