சாண்டோ என்பது ஒரு ஆளின் பெயர்

போன மாதம் மருதானையில் ஒரு கல்யாண வீடு. சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும்; எங்கட கூட்டாளி ஒருவன் மட்டும் வரவில்லை. "கட்டிங்ல இருக்கேன் மச்சான்" என்றான். செம கன்ட்ரோல் என்று நாங்களும் பாராட்டினோம்.

இதெல்லாம் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த வியாதி என்பார்கள் வீட்டில். கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

கட்டுமஸ்தான ஆளை 'சாண்டோ' என்று சொல்வோமே, அது யூஜின் சாண்டோ என்பவரின் பெயர். 1867இல் பிரஷ்யாவில் பிறந்தவர். தன் உடம்பைப் படம் பிடித்து அட்டைகளாக விற்றார், பத்திரிகை நடத்தினார், தபாலில் பயிற்சி விற்றார். 1901இல் லண்டன் ரோயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் வைத்த உடலழகுப் போட்டிக்கு ஆர்தர் கொனன் டொயிலும் ஒரு நடுவர். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்தார். பிறகு அந்தப் பெயர் தமிழில் பட்டமாகி, சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. படத்தைப் பார், உன்னைப் பார், காசைக் கொடு: லைக் பட்டன் மட்டும்தான் அப்போது இல்லை.

நோயின் கதையும் பழையதுதான். 1689இல் ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், சாப்பாட்டை வெறுத்து மெலிந்த இரண்டு பேரைப் பற்றி எழுதினார். ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் 16 வயதுப் பையன். பெண் நினைவில் நின்றாள், பையன் மறைந்துபோனான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013 வரைக்கும் அனொரெக்சியாவின் அடையாளங்களில் ஒன்று மாதவிடாய் நிற்பது. அப்படியென்றால் ஆண் எந்தக் கணக்கில் வருவான்?

1993இல் ஹரிசன் போப்பும் கூட்டாளிகளும் 108 உடற்கட்டு வீரர்களை ஆராய்ந்தார்கள். மலை மாதிரி இருந்தும் தங்களை நோஞ்சான் என்று நம்பியவர்கள் அதில் இருந்தார்கள். இந்த நிலைக்கு 1997இல் 'மசில் டிஸ்மோர்ஃபியா' என்று பெயர் வைத்தார்கள்.

2008இல் வாரணம் ஆயிரம் வந்து, சூர்யாவின் சிக்ஸ்பேக் எங்கட அண்ணன்மாரை ஜிம்முக்கு அனுப்பியது. ஆனால் அது நடிகனின் உடம்பு, திரையோடு முடிந்துவிடும். இப்போது போனில் தெரிவது பக்கத்து ஒழுங்கைப் பொடியனின் உடம்பு. அவனால் முடியுமென்றால் எனக்கு ஏன் முடியாது என்ற கேள்வி தூங்கும் வரைக்கும் கையிலேயே இருக்கிறது.

ஜிம்முக்குப் போவது நோயில்லை. சோற்றைக் கண்டு பயப்படுவதும், ஒரு நாள் ஜிம் தவறினால் உடைந்துபோவதும், கண்ணாடியை நம்ப முடியாமல் தவிப்பதும் வேறு கதை. அன்றைக்கு எழும்பிப் போனது ஒரு தங்கச்சி என்றால், "ஏன் சாப்பிடல்ல?" என்று நாங்கள் கேட்டிருப்போம். அவனிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

மோர்ட்டனின் பையனை மறந்தவர்கள் மருத்துவர்கள். எங்கட கூட்டாளியை மறந்தது நாங்கள்.