தனுஷ்கோடி இரயில் நிலையம்: இடிபாடும் புலம்பெயர்வு வரலாறும்

முன்னுரை

தமிழகத்தில் பயன்பாடிழந்து, இன்று மரபுச் சின்னமாகக் கருதப்படும் இரயில் நிலையங்களுள் பரவலாக அறியப்பட்டது தனுஷ்கோடி. எனினும், 1964ஆம் ஆண்டுப் புயலின் நினைவிடமாகவே அது பேசப்படுகிறது. அந்நிலையம் இயங்கிய ஐம்பதாண்டுக் காலம் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் புலம்பெயர்வு வரலாற்றோடு பிணைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிலையமும் துறையும்

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தென்னிந்திய இரயில்வேயின் தடம் பெருநிலத்திலிருந்து இராமேசுவரம் தீவுக்கு நீண்டது. ‘போட் மெயில்’ இரயிலில் வந்த பயணிகள் தனுஷ்கோடித் துறையில் நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சென்றனர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மேற்கொள்ளப்பட்ட நெடிய கடற்பயணத்திற்கு மாற்றாக, ஏறத்தாழ 35 கிலோமீட்டர்க் கடல்வழி அமைந்தது.

19ஆம் நூற்றாண்டில் கங்காணிகளால் திரட்டப்பட்ட தொழிலாளர்கள் தோணிகளில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே கண்டி மலைநாட்டுக்கு நடந்தனர். காலராவாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். இரயில்வழி அந்த நடைத்துயரைப் போக்கியது. ஆயினும் கண்காணிப்பைக் கூட்டியது. தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே தனுஷ்கோடிக்கு அனுப்பப்பட்டனர்.

1964: ஒப்பந்தமும் புயலும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அவர்களுள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. இரு மாதங்களுக்குள், டிசம்பர் 22 நள்ளிரவையொட்டிக் கரைகடந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் கடலலையில் சிக்க, அதிலிருந்தோர் மாண்டனர். பாம்பன் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடித் தடமோ மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆகவே, தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் கரையிறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். முன்னோர் புறப்பட்ட நிலையம் அவர்களை வரவேற்க எஞ்சியிருக்கவில்லை.

முடிவுரை

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. தனுஷ்கோடியில் எஞ்சியவை இடிசுவர்களே. 2017இல் அரிச்சல்முனைச் சாலை திறக்கப்பட்டபின் அவற்றைக் காண்போர் பெருகியுள்ளனர். சுவர்களைக் காப்பதோடு, மண்டபம், தனுஷ்கோடி, தலைமன்னார் ஆகிய மூன்றையும் ஒரே பயணவழியாக அவர்களுக்கு விளக்குவதும் மரபுப் பாதுகாப்பின் கடமையாகும். இல்லையேல், ஓர் இரவின் அழிவு நினைவில் நிற்க, அரை நூற்றாண்டு அவ்வழியே சென்ற உழைக்கும் மக்கள் மறக்கப்படுவர்.