உரத்த ஒலியும் உண்மை ஒலியும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் அயற் கிராமங்களிலும் பழைய இசைக்கருவித் தொகுதிகளைப் பேணி வருவோர் இன்றும் உளர். இசைத்தட்டுச் சுழலி, கசற்றுக் கருவி, அம்பிளிபயர் எனப்படும் பெருக்கி, இரண்டு ஸ்பீக்கர்கள் என்பனவே அத்தொகுதியின் உறுப்புகள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒலி மங்குகின்றது, இரைச்சல் மிகுகின்றது. அப்பொழுது வீட்டுக்காரர் மனத்தில் எழும் எண்ணம், இதனினும் வலுவுள்ள பெருக்கி ஒன்றை வாங்கவேண்டும் என்பதே. இவ்வெண்ணம் எத்துணை சரியானது என்பதை நூற்றாண்டு கடந்த பெருக்கியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1906 ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் என்பவர் மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வு ஒன்றை அமைத்தார். நலிந்த மின் அலையொன்றைக் கொண்டு வலிய மின்னோட்டமொன்றை ஆட்டிப்படைக்க இவ்வால்வு வழிசெய்தது. நெடுந்தூரத் தொலைபேசியும் வானொலியும் இதன் வழிவந்தவை. இலங்கையிலே தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் முதலானோரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி தொடங்கியதும் இவ்வால்வின் துணைகொண்டே.

ஆயினும் தொடக்ககாலப் பெருக்கிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவை ஒலியைப் பெருக்கின. பெருக்கும்போதே சிதைத்தும் விட்டன. ஒரு பெருக்கி செய்த பிழையை அடுத்த பெருக்கி மேலும் பெரிதாக்கியது. இதற்குத் தீர்வு கண்டவர் ஹரல்ட் பிளாக் என்னும் இளம் பொறியியலாளர். 1927 ஓகஸ்ட் 2 ஆம் நாட் காலை, நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு கருத்து உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதனை வரைந்து வைத்தார். பெருக்கியிலிருந்து வெளிவருவதில் ஒரு பகுதியை எதிர்முகமாகத் திருப்பி உள்ளே செலுத்தினால், பெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதே அக்கருத்து. இதற்கு ஒரு விலை உண்டு. பெருக்கும் ஆற்றலின் பெரும்பகுதியை இழக்கவேண்டும். பெருக்குவதற்கென்றே பிறந்த கருவி, தன் பெருக்கத்தை விட்டுக்கொடுத்து உண்மையைப் பெற்றது. பின்வந்த முன்னேற்றங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

இங்கிலாந்தில் ஹரல்ட் லீக் 1945 இல் வெளியிட்ட பெருக்கிக்கு இட்ட பெயரே, அதன் சிதைவு நூற்றுக்குப் பத்திலொன்று மட்டுமே என்பதை உணர்த்தியது. 1947 இல் டி. டி. என். வில்லியம்சன் என்பார் 'வயர்லெஸ் வேர்ள்ட்' இதழில் தம் பெருக்கியின் அமைப்பை விளக்கி எழுதினார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதனைப் பார்த்துத் தாமே செய்துகொண்டனர். அப்பெருக்கியின் வலு 15 வாற்று மட்டுமே. அக்காலத்து அறிஞர் போற்றியது வலுவை அன்று, தூய்மையையே போற்றினர்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அக்காலம் ஒலித்த வால்வு வானொலிப் பெட்டிகளோ மூன்று நான்கு வாற்றளவில் இயங்கியவை. 1939 இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் கச்சேரிகளையும், பின்னர் இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளையும் குடும்பமே கூடியிருந்து கேட்க அவ்வளவு வலு போதுமாயிருந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. 1960 களில் அது வீட்டுப் பெருக்கிகளிலும் இடம்பிடித்தது. சூடு குறைந்தது, பாரம் குறைந்தது. ஆனால் முதலில் வந்த திரான்சிஸ்டர்ப் பெருக்கிகள் பல, மெல்லிய ஒலியிற் கரகரத்தன. அலையின் மேற்பாதியை ஒரு திரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும் அமைப்பில், கைமாறும் இடத்தே சிறு முறிவு ஏற்பட்டதே அதற்குக் காரணம். புதியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. அக்குறை நாளடைவில் நீங்கியது. 1978 இல் குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறைப் பெருக்கிகளை, எது ஒலிக்கின்றது என்பதைக் கேட்போருக்குச் சொல்லாமல் ஒப்பிட்டுச் சோதித்தனர். 1953 ஆம் ஆண்டின் வால்வுப் பெருக்கியை ஏனைய இரண்டிலிருந்தும் பிரித்தறிய அவர்களால் இயலவில்லை.

இதற்கிடையே வணிக உலகில் வாற்றுப் போட்டி மூண்டது. விளம்பரத்தில் எண்கள் ஊதிப் பெருத்தன. 1974 இல் ஐக்கிய அமெரிக்காவின் வாணிக ஆணைக்குழு, வலுவை அளந்து அறிவிக்கும் முறைக்கு விதி செய்யவேண்டி வந்தது. பிற நாடுகளிலோ, கைக்கடக்கமான கசற்றுப் பெட்டிகளிலும் ஆயிரக்கணக்கான வாற்று என அச்சிட்டு விற்கும் வழக்கம் பின்னர்ப் பரவியது. அதே 1978 இல் வெளிவந்த நாட் 3020 என்னும் மலிவான பெருக்கியோ, பக்கத்துக்கு 20 வாற்று என்று மட்டுமே கூறிக்கொண்டு உலகப் புகழ் பெற்றது.

மனிதச் செவியின் கணக்கு கடைக்காரரின் கணக்கன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். செவி அதனைச் சிறிதளவே உணரும். ஒலி இருமடங்காய்த் தோன்றவேண்டுமாயின் வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். எனவே 20 வாற்றுப் பெருக்கியை நீக்கி 40 வாற்றுப் பெருக்கியை வைப்பவர், பெரும்பணம் செலவிட்டுச் சிறுபயனே பெறுவர்.

இவ்வுண்மையை யாழ்ப்பாண மக்கள் துன்பத்தின் வாயிலாகவும் அறிந்தனர். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்டன. அப்பொழுது மக்கள் சைக்கிளை நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். பொதுவாகச் சைக்கிள் டைனமோவின் வலு 3 வாற்று. ஒருவர் சுழற்ற, அயலார் சூழ்ந்து நின்று செய்தியும் பாட்டும் கேட்டனர். அங்கே எவரும் கூடுதல் வாற்று வேண்டும் என்று கேட்கவில்லை. சொல் தெளிவாய்க் கேட்டாற் போதும் என்றே விரும்பினர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்தவை போக எஞ்சியவை வீடுகளிலேயே கிடந்தன. அவற்றுட் பல மீளவில்லை. ஆகவே, தப்பிய ஓர் இசைத்தட்டும் மறைந்த ஒருவரின் குரல் பதிந்த ஒரு கசற்றும் குடும்பச் செல்வங்களாகும். அவற்றைப் பழுதின்றி ஒலிக்கச் செய்வதே பழைய தொகுதியின் கடமை.

இக்கடமையை நோக்கும்போது தேர்வின் ஒழுங்கு தானே விளங்கும். முதலில் நோய் எங்கே என்று காணல் வேண்டும். சுழலியின் ஊசி தேய்ந்திருக்கலாம். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றிய நுரைவளையம் உக்கியிருக்கலாம். பெருக்கியின் உள்ளே கண்டென்சர்கள் வெப்பத்தால் உலர்ந்திருக்கலாம். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. இவற்றை மாற்றுதல் புதுப்பெருக்கி வாங்குவதினும் செலவு குறைந்தது.

பெருக்கியையே மாற்ற நேரின், ஸ்பீக்கரின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும். 90 டெசிபல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர் 20 வாற்றில் தரும் ஒலியை, 87 டெசிபல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர் தருதற்கு 40 வாற்று வேண்டும். மந்தமான ஸ்பீக்கரும் பெரிய கூடமும் உள்ளவருக்கு மிகுவலு தேவையே. அளவுக்கு மீறித் துரத்தப்படும் சிறு பெருக்கி அலையின் முடியை வெட்டி ஸ்பீக்கரையும் எரித்துவிடக் கூடும். ஸ்பீக்கரின் மின்தடை நான்கு ஓமா எட்டு ஓமா என்பதையும், இசைத்தட்டுக்குரிய தனி வாயில் பெருக்கியில் உண்டா என்பதையும் பார்த்தல் அவசியம். இன்றைய பெருக்கிகள் பலவற்றில் அவ்வாயில் இல்லை.

இறுதிச் சோதனையைச் செவியே செய்யவேண்டும். திருநெல்வேலியார் இதில் நற்பேறு பெற்றவர்கள். வடக்கே தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன இணுவில். தெற்கே நல்லூர்க் கந்தன் வீதி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவர் தவில் நாதம் பதிவுகளில் இன்றும் வாழ்கின்றது. அப்பதிவொன்றைப் புதுப்பெருக்கியில் ஒலிக்கவிட்டு, விரற்கூடு தோலிற் படும் ஒலியும் மறுபுறத்துத் தடியின் ஒலியும் தனித்தனியே கேட்கின்றனவா என்று பார்த்தல் போதும். கோயில் வீதியில் நேரிற் கேட்டுப் பழகிய செவிக்கு, எது உரத்த ஒலி, எது உண்மை ஒலி என்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.