குளிர்தெளிப்பின் வரலாறு: துப்பாக்கியிலிருந்து தூளுக்கு

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் உள்ளன. எந்திர உதிரிபாகங்களைக் கடைந்து தரும் பட்டறைகள் அங்கு ஏராளம். தேய்ந்த பாகத்தின்மேல் புதிய உலோகத்தை ஏற்ற, இத்தகைய பட்டறைகள் நெடுங்காலமாக நம்பிவந்தது வெப்பத்தையே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்களின் வழியும் அதுவே: ஈயம் உருகிப் பரவும், நவச்சாரம் பரப்பிலுள்ள ஆக்சைடை அகற்றும். உருகிய உலோகம் தன் பழைய வடிவத்தை மறந்துவிடுகிறது. 'கோல்ட் ஸ்ப்ரே' எனப்படும் குளிர்தெளிப்பில் உலோகம் உருகுவதில்லை. எனவே அந்த மறதிக்கும் அங்கு இடமில்லை.

1980களின் நடுப்பகுதியில், சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்க் நகரில், அனத்தோலி பாப்பிரின் குழுவினர் திண்மத் துகள்கள் கலந்த மீயொலி வளியோட்டத்தைக் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்துவந்தனர். எதிரே வைத்த பொருளைத் துகள்கள் அரித்தன. ஆனால், குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் அவை அதன்மேல் ஒட்டிப் படியத் தொடங்கின. 1994இல் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அந்த எல்லை வேகமே மாறுநிலைத் திசைவேகம். 2003இல் அசாதி, கார்ட்னர், ஸ்டோல்டன்ஹோஃப், கிரையே ஆகியோர், மோதலின்போது துகளின் விளிம்பில் உலோகம் திடீரென மென்மையாகிச் சறுக்குவதைக் கொண்டு பிணைப்பை விளக்கினர். இத்தகைய விளக்கங்களில் மாறுநிலை வேகம் பெரும்பாலும் உலோகத்தின் பண்பாகவே தோன்றியது. 2006இல் சீனாவின் லி சாங்-ஜியு குழுவினர் வெளியிட்ட முடிவு அப்பார்வையை மாற்றியது. தாமிரத் தூளிலுள்ள ஆக்சிஜன் அளவைப் பொறுத்து, மாறுநிலை வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டரிலிருந்து 610 மீட்டருக்கு மேல் வரை மாறியது. உலோகம் ஒன்றே, தூள் வேறானபோது தேவைப்பட்ட வேகம் இரு மடங்காயிற்று.

காரணம் எளிது. இரு துகள்கள் பிணைய வேண்டுமானால், அவற்றைப் போர்த்திய ஆக்சைடுத் தோல் உடைந்து, தூய உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். தோல் தடித்தால் மோதலின் ஆற்றல் அதை உடைப்பதிலேயே செலவாகிறது. துகளின் அளவும் இதனோடு பிணைந்தது. மிக நுண்ணிய துகள், பரப்பின்முன் உருவாகும் அதிர்வலையில் வேகம் இழக்கிறது. எடைக்கு எடை அதிக ஆக்சைடையும் சுமக்கிறது. மிகப் பெரிய துகளோ போதிய வேகத்தை எட்டுவதில்லை. ஆகவேதான் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான் வரையிலான தூள் பயன்படுகிறது. தூளின் கடினத்தன்மையும் பொருட்படுத்தத்தக்கது. சில அலுமினியக் கலவைத் தூள்களைத் தெளிப்பதற்கு முன்பே வெப்பமூட்டி மென்மையாக்குகின்றனர்.

இந்தியாவில், ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் மற்றும் புதிய பொருள்களுக்கான பன்னாட்டு உயராய்வு மையத்தின் ஆய்வாளர்கள், குளிர்தெளித்த தாமிரப் பூச்சுகளில் வெப்பப் பதத்தின் விளைவை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். தெளித்த பின் தரும் வெப்பம் துகள்களுக்கிடையிலான பிணைப்பைக் கூட்டவல்லது. எனினும், அலுமினியம் போன்ற உலோகத்தில் உள்ளே சிக்கிய ஆக்சைடை அது வெளியேற்றாது.

எனவே, ஆனேக்கலின் பட்டறை ஒன்று நாளை இம்முறைக்கு மாறினால், உலோகத்தின் பெயரும் சல்லடை அளவும் மட்டும் எழுதிய கொள்முதல் சீட்டு அதற்குப் போதாது. ஆக்சிஜன் அளவு, துகளின் வடிவம், கடினத்தன்மை ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். மழைக்கால ஈரத்தில் மூடி திறந்து கிடந்த தூள் டப்பாவின் குறையை, விலையுயர்ந்த துப்பாக்கியால் முழுதும் ஈடுசெய்ய இயலாது. தூளுக்கு நேர்ந்தவை அனைத்தும் பூச்சிலும் எஞ்சியிருக்கும்.