கறவைக் கூடத்திலிருந்து வந்த தொட்டிகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பண்ணைகளின் பால் கேனில்தான் ஊருக்குப் போனது. 10 காலன், அதாவது சுமார் 38 லிட்டர் பிடிக்கும் வெள்ளீயம் பூசிய இரும்புக் கேன் அது. நிறைந்துவிட்டால் 50 கிலோ கனக்கும். கறந்த பாலைக் கேனோடு குளிர்ந்த நீரில் இறக்கி ஆறவைத்து, காலையில் சாலையோரம் கொண்டுபோய் வைத்தால் ஆலை வண்டி ஏற்றிக்கொள்ளும். 1930களின் இறுதியில் கலிபோர்னியாவில் இந்த ஏற்பாடு மாறத் தொடங்கியது. பண்ணையிலேயே ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டி. அதற்குள்ளேயே பால் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்துவிடும். டேங்கர் லாரி வந்து குழாய் போட்டு எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த முறை நாடெங்கும் பரவியது. 1950களிலும் 60களிலும் பால் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கேன் பால் வாங்குவதை நிறுத்தின. பத்துப் பதினைந்து மாடு வைத்திருந்தவர்களுக்குத் தொட்டி வாங்கக் கட்டுபடியாகவில்லை. அவர்களில் பலர் மாடுகளை விற்றுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

கேன்கள் மிஞ்சின. அவற்றுக்கு வண்ணம் பூசி வாசலில் வைத்தார்கள், குடை செருகினார்கள், விளக்குத் தண்டாக்கினார்கள். ஆனால் பழைய சாமானை உண்மையிலேயே வேலைக்கு வாங்கியவர்கள் வேறு. பொது மின்கம்பியை வீட்டுக்குள் அனுமதிக்காத ஆமிஷ் சமூகத்தாரில் சில பிரிவினர் குளிர்பதனத் தொட்டியை ஏற்கவில்லை. அவர்களுடைய பால் கேனிலேயே பாலாடைக்கட்டி ஆலைகளுக்குப் போனது. ஊரார் கழித்த கேன்களுக்கு அவர்களிடம் தேவை இருந்தது. 1920களில் சிகாகோவின் பாப்சன் சகோதரர்கள் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'சர்ஜ்' வாளிக் கறவை இயந்திரமும் இப்படித்தான் நிலைத்தது. மாட்டின் முதுகில் வார் போட்டு, மடிக்கு அடியில் தொங்கவிடும் மூடிய வாளி அது. குழாய்வழிக் கறவை வந்தபின் பெரிய பண்ணைகள் கைவிட்ட அந்த வாளியை, ஒன்றிரண்டு பசுவோ வெள்ளாடோ வைத்திருப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். வெள்ளாட்டுக்கு இரண்டு காம்புதான் என்பதால் நான்கு உறிஞ்சு குவளைகளில் இரண்டைக் கழற்றி, துளையை அடைத்துவிட்டால் போதும்.

1970இல் அமெரிக்காவில் சுமார் 6,48,000 பால்பண்ணைகள் இருந்தன. 2006இல் எஞ்சியவை சுமார் 75,000. அதே காலத்தில் ஒரு பண்ணையின் சராசரி மாடுகள் 20க்குச் சற்றுக் குறைவாக இருந்து 120 ஆயின. இடையில் அரசே பண்ணைகளை மூடவும் செய்தது. பால் மிகையாகி விலை சரிந்ததால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1986இல் சுமார் 14,000 பண்ணைக்காரர்களுக்குப் பணம் கொடுத்து மந்தைகளை ஒழித்தது. பணம் பெற்றவர் 5 ஆண்டுகள் பால் தொழிலுக்குத் திரும்பக் கூடாது. அவருடைய கறவைக் கூடத்திலும் யாரும் கறக்கக் கூடாது. பல மூடல்கள் குடும்பங்களின் தோல்வியாகவே நடந்தன. மூடிய பண்ணைகளின் தொட்டிகளும் குழாய்களும் மலிவாகக் கிடைத்த கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

அந்தத் தொட்டிகள் இன்னொரு தொழிலுக்கு வாசல் திறந்தன. ஸ்காட்லாந்தின் ஹோலி லாக்கில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியபோது அந்நாட்டு ஏல் வகைப் பியரில் ஈடுபாடு கொண்ட ஜாக் மெக்காலிஃப், 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் 'நியூ ஆல்பியன்' பியர் ஆலையைத் தொடங்கினார். நாட்டில் அப்போது நூறு பியர் ஆலைகள்கூட இல்லை. இருந்தவற்றில் பெரும்பங்கு மாபெரும் தொழிற்சாலைகள். சிறு ஆலைக்கு ஏற்ற கருவியை அமெரிக்காவில் விலைகொடுத்து வாங்க வழியே இல்லை. சொனோமா வட்டாரமோ பால்பண்ணைப் பூமி. கழித்த பால் கருவிகளையும், கோலா பாகு வந்த 55 காலன் உருளைகளையும் வெட்டி ஒட்டித் தம் ஆலையை அவரே கட்டினார். ஒரு முறைக்கு ஒன்றரை பீப்பாய்தான் காய்ச்ச முடிந்தது.

பால் தொட்டி பியருக்கு ஒத்துவந்தது தற்செயல் அல்ல. இரண்டுமே கிருமி புகுந்தால் கெட்டுப்போகும் பொருள்கள். பால் தொட்டியின் உட்புறம் வழவழப்பாக மெருகேற்றப்பட்டிருக்கும். பற்றவைத்த இடத்தில்கூட அழுக்குத் தங்காது. சுவரைச் சுற்றிக் குளிரூட்டும் உறையும் வெப்பக் காப்பும் உண்டு. குழாய் இணைப்புகளை நொடியில் கழற்றிக் கழுவலாம். பால் துறை சுகாதார விதிகளுக்காகப் பல பத்தாண்டுகள் செலவிட்டு உருவாக்கிய இந்தத் தரம் முழுவதும், பழைய தொட்டியின் விலையிலேயே அடங்கி வந்தது. ஒரே ஒரு குறை: அந்தத் தொட்டி அழுத்தம் தாங்காது. ஆகவே நொதிக்கும்போது எழும் கரியமில வாயுவை அதில் அடக்கிவைக்க முடியாது. சிறு ஆலைகள் பியரைப் புட்டியில் அடைத்தபின் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் கொண்டு அங்கேயே நுரைக்கவிட்டன. பின்னாளில் கைவினைப் பியரின் பெருமையாகப் பேசப்பட்ட இந்த முறையில், பழைய சுவை மீதான பற்றுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கிடைத்த பாத்திரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நியூ ஆல்பியனைப் பார்த்துவிட்டுப் போன கென் கிராஸ்மன், பால் கமூசியோடு சேர்ந்து சிகோ நகரில் 'சியரா நெவாடா' ஆலையை அமைத்தார். பால் தொட்டிகளை வெட்டி மாற்றியமைக்கப் பற்றவைப்பு வேலையைத் தாமே கற்றுக்கொண்டார். 1980 நவம்பரில் அங்கே முதல் பியர் காய்ச்சப்பட்டது. அந்த ஆலை பிற்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய கைவினைப் பியர் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. நியூ ஆல்பியன் 1982இல் நொடித்துப்போனது. அதன் கருவிகள் 1983இல் ஹாப்லண்டில் தொடங்கிய மெண்டசினோ ஆலைக்குக் கைமாறின.

வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களில் பழைய கருவி மரத்தடிக்குப் போனது. மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடிக்கும் இனிப்பு நீரை, பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்சுவதுபோல் சுண்டக் காய்ச்சிப் பாகாக்குவார்கள். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் நீர் வேண்டும். 1950களின் இறுதியில் வாளிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. குழாயில் வெற்றிடம் உண்டாக்கினால் நீர் கூடுதலாகச் சுரப்பது தெரிந்தபோது, கறவை இயந்திரத்தின் வெற்றிடப் பம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாடும் மேப்பிள் தோப்பும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த வட்டாரம் அது. வெற்றிடக் குழாயிலிருந்து பாலை வெளியேற்றும் கருவியும் அப்படியே பொருந்தியது. நீரைச் சேர்த்துவைக்க எவர்சில்வர் பால் தொட்டி. பழைய கேன்களை மட்டும் தவிர்க்க வேண்டியிருந்தது: அவற்றின் பற்றாசில் காரீயம் கலந்திருக்கலாம்.

மாட்டின் மடிக்குப் பாதரச அளவில் 15 அங்குல வெற்றிடம் போதும். அதற்குமேல் போனால் காம்பு புண்ணாகும். பம்புகளும் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. மேப்பிள் விவசாயிகள் 25 அங்குலத்துக்கும் மேல் போகத் தொடங்கியதும் அவை சூடேறிப் பழுதாயின. அதிக வெற்றிடம் தாங்கும் வேறு வகைப் பம்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. எவர்சில்வர் தொட்டிகள் மட்டும் தோப்புகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.